பழைய பெல்ட் வண்டிக்கு அகலமான பின் டயர்: எங்கே உரசுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

என்னிடம் இருப்பது 1994 ஹார்லி டேவிட்சன் ஹெரிட்டேஜ் சாஃப்டெயில், 1340 சிசி எவல்யூஷன் (சுருக்கமாக எவோ) எஞ்சின், பின் சக்கரத்தைச் சுற்றுவது சங்கிலி இல்லை, பெல்ட். சாக்ரமென்டோ பக்கம் மூன்றாம் கையாக வாங்கினேன். வாங்கும்போதே பின்னால் 150 டயர், அதாவது 150 மி.மீ. அகல வகை, போட்டிருந்தார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஃப்ரீவேயில் ஏறி அறுபது மைலைத் தாண்டியதும் இடது காலுக்குப் பின்னால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி ஒரு சத்தம் வரும், வேகம் குறைந்தால் நின்றுவிடும், வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் எதுவும் எதிலும் படாது. ஒரு குளிர்காலம் முழுக்க அதற்குப் போனது. அந்தச் சத்தத்தைத் துரத்தியபோது கற்றதையும், அப்புறம் நண்பர்களின் வண்டிகளில் பார்த்ததையும் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். நான் சொல்வது முக்கியமாக 1999 வரை வந்த எவோ சாஃப்டெயிலுக்கு. மற்ற பெல்ட் வண்டிகளுக்கு அளவு மாறும், சோதிக்கும் முறை மாறாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், இது புரியாமல் டயர் வாங்கினால் பணம் போய்விடும். கம்பெனி டயரின் பக்கவாட்டில் எம்டி90பி16 என்று இருக்கும். டி என்றால் 130 மி.மீ. அகலம், 90 என்பது உயரத்தின் சதவீதம், 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். அதாவது கிட்டத்தட்ட 130/90-16. எம்யு என்று ஆரம்பித்தால் 140 வகை. மொத்த விட்டம் போட்டுப் பார்த்தால் 130/90-16 சுமார் 640 மி.மீ., 150/80-16 சுமார் 646, 140/90-16 சுமார் 658. கவனித்தீர்களா, அகலம் குறைந்த 140/90 தான் உயரத்தில் பெரியது. மட்கார்டில் இடிக்கப் போவது அதுதான், பெல்ட்டில் உரசப் போவது 150. இரண்டும் வேறு வேறு தலைவலி.

இன்னொன்று, பெல்ட் இடது பக்கம். எவோ பிக் ட்வின்னில் (ஹார்லியின் பெரிய இரட்டை சிலிண்டர் எஞ்சின் வண்டிகள்) அதன் அகலம் ஒன்றரை அங்குலம், 38 மி.மீ. சொச்சம். டயர் 20 மி.மீ. அகலமானால் பக்கத்துக்குப் பத்துதான், ஆனால் அந்தப் பத்தும் இடது பக்கம் இருக்கும் கொஞ்ச இடத்திலிருந்துதான் போகிறது. என் வண்டியில் 130 போட்டு அளந்தபோது டயருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே 11 மி.மீ. இருந்தது. 150-இல் மிக நெருக்கமான இடத்தில் இரண்டரை.

பெல்ட் போனால் போகட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வண்டியில் பெல்ட் ஸ்விங் ஆர்மைச் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) சுற்றி, பிரைமரிக்குப் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குச் சக்தி கொண்டுபோகும் பகுதி) பின்னால் ஓடுகிறது. மாற்ற வேண்டுமென்றால் வெளி பிரைமரி, கிளட்ச், உள் பிரைமரி எல்லாம் கழன்று, ஸ்விங் ஆர்ம் பிவட்டையும் (அது ஆடும் அச்சு) கழற்றியாக வேண்டும். பெல்ட்டின் விலை பரவாயில்லை, கூலிதான் கண்ணைக் கட்டும்.

வேகத்தில் சர்ரென்று தேய்க்கிறது, நிறுத்திப் பார்த்தால் படவில்லை

முதலில் சத்தம் எங்கிருந்து என்று பிரியுங்கள். காலியான ரோட்டில் சத்தம் வரும் வேகத்துக்குப் போய் கிளட்சைப் பிடியுங்கள். எஞ்சின் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், பெல்ட் பக்கம். எஞ்சினோடு இறங்கினால் பிரைமரி பக்கம் பாருங்கள், டயருக்கு அதில் பங்கில்லை.

அப்புறம் சுவடு. இடது பக்கம் டயரின் பக்கவாட்டில் முழு வட்டமாக ஒரு பளபளப்பான வரி இருக்கிறதா, பெல்ட்டின் உள் ஓரம் மட்டும் வெளி ஓரத்தை விடக் கறுப்பாக, மழமழவென்று இருக்கிறதா, ஸ்விங் ஆர்மின் உள்பக்கம் கரித்தூள் படிந்திருக்கிறதா. மூன்றில் இரண்டு இருந்தாலே உரசுகிறது என்று அர்த்தம். சந்தேகம் தீரவில்லையென்றால் சாக்பீஸை எடுத்து டயரின் இடது பக்கவாட்டில் ஒரு கை அகலத்துக்குத் தேய்த்துவிட்டு ஐந்து மைல் ஓட்டிவிட்டு வாருங்கள். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அங்கேதான். நான் வெள்ளை ஷூ பாலிஷ் பயன்படுத்தினேன், அது இன்னும் சுத்தமாகக் காட்டும்.

நிற்கும்போது படாதது ஓடும்போது ஏன் படுகிறது? டயர் சுற்றும் வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு வளர்கிறது, சூட்டில் காற்றழுத்தம் கூடுகிறது, வளைவில் பக்கவாட்டு வளைகிறது. பெல்ட்டும் சும்மா இருப்பதில்லை. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மேல் ஓட்டம் இறுகி கீழ் ஓட்டம் தளர்ந்து ஆடும், விடும்போது நேர்மாறு. அதனால் கொடுக்கும்போது மட்டும் சத்தமென்றால் கீழ் ஓட்டத்தைப் பாருங்கள், விட்டால் மட்டும் சத்தமென்றால் மேல் ஓட்டத்தை. இரண்டிலும் பெல்ட் லூஸாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம், டயரைக் குறை சொல்வதற்கு முன் இழுவையை, அதாவது பெல்ட்டின் இறுக்கத்தை, சரிசெய்து பாருங்கள்.

இப்போது அளப்பது. வண்டியை நேராக ஜாக்கியில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, எஞ்சின் ஆஃப். கையால் மட்டுமே சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுச் சுற்றவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், பெல்ட்டுக்கும் அது ஓடும் பல் சக்கரமான புல்லிக்கும் நடுவே விரல் போனால் விரல் இல்லை, அவ்வளவுதான். நெருக்கமான இடம் ஆக்சிலுக்கு நேராக இல்லை. அதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில், பெல்ட் டயரின் மிக அகலமான வளையத்தைக் கடக்கும் இடத்தில் இருக்கும், மேலே ஒன்று கீழே ஒன்று. அங்கே வெர்னியர் நுழையாது. டிரில் பிட் பெட்டியை எடுத்து, பிட்டைத் திருப்பி மழமழப்பான தண்டுப் பக்கத்தை இடைவெளிக்குள் விடுங்கள். கால் அங்குல பிட் இறுக்காமல் போய் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்றரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று), அதாவது 5 மி.மீ. அளவு, போனால் ஓட்டலாம், ஆனால் முதல் ஐந்நூறு மைலுக்கு அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டும். ஒரு நூல் பிட்டே தடுமாறினால் அந்த டயரோடு ஃப்ரீவே ஏறாதீர்கள். புது டயரென்றால் காற்றடித்த கையோடு அளப்பதில் பிரயோசனமில்லை, ஒரு நாள் நிறுத்தி வைத்து அளங்கள், கொஞ்சம் விரிந்திருக்கும்.

அளந்தாயிற்று, இடம் போதவில்லை. என்ன செய்யலாம்?

டயரின் மேல் எழுதியிருக்கும் எண் அகலம் அல்ல, அது பெயர். ஒரு கம்பெனியின் 140 இன்னொரு கம்பெனியின் 140-ஐ விடச் சில மி.மீ. தடித்திருக்கும். ரிம்மும் அகலத்தை மாற்றும், அரை அங்குலம் அகலமான ரிம்மில் அதே டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். அதனால் நண்பர் வண்டியில் 150 உட்கார்ந்தது என்பது உங்கள் வண்டிக்குச் சாட்சி ஆகாது. அவருடைய ரிம் 3 அங்குலமா 3.5 அங்குலமா, டயர் எந்தக் கம்பெனி, பெல்ட் என்ன அகலம் என்று மூன்றையும் கேளுங்கள்.

ஸ்போக் சக்கரம் உள்ளவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. நாற்பது ஸ்போக்குகளில் வலது பக்க ஹப்புக்குப் போகும் இருபதை இறுக்கி, இடது இருபதை அதே அளவு தளர்த்தினால் ரிம் வலப்பக்கம் நகரும். நம் ஊர் சைக்கிள் கடையில் கோட்டம் எடுக்கிறார்களே, அதே வேலைதான், இங்கே நோக்கம் வேறு. இரண்டு மி.மீ., அதிகம் போனால் மூன்று, அதற்குள் நிறுத்துங்கள். டயரைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும், ஸ்போக் நுனி நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) தாண்டி நீட்டினால் ட்யூப்பைக் குத்தும். என் வண்டியில் இப்படி இரண்டு மி.மீ. எடுத்தேன். முன் சக்கரத்தோடு நேர்கோடு அந்த அளவு விலகும், ஓட்டும்போது எனக்குத் தெரியவில்லை. ஃபேட் பாய் போலத் தட்டு ரிம் உள்ள வண்டிக்கு இந்த வழி கிடையாது.

சக்கரத்தையே ஸ்பேசர் போட்டு வலப்பக்கம் தள்ளலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் சங்கிலி மாதிரி நீளும். சக்கரம் 3 மி.மீ. நகர்ந்தால் புல்லியும் கூடவே நகரும், அது கூடாது, முன் புல்லிக்கு நேராக அது இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அதனால் ஹப்புக்கும் புல்லிக்கும் நடுவே 3 மி.மீ. தகடு, அதற்கு நீளமான போல்ட்டுகள். வலது பக்கம் பிரேக் டிஸ்க் 3 மி.மீ. வெளியே வரும், காலிபரையும் அதற்கேற்ப நகர்த்தியாக வேண்டும். வெறும் ஆக்சில் ஸ்பேசரை மட்டும் மாற்றி அனுப்பிவிடும் கடைகள் உண்டு. எனக்கும் அப்படி ஒரு கடையில் செய்து கொடுத்தார்கள், பணம் கொடுத்து வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே நானே மறுபடி மாட்டினேன்.

ஒன்றரை அங்குல பெல்ட்டுக்குப் பதில் ஓர் அங்குலம் ஒரு நூல் பெல்ட்டும் அதற்கான புல்லிகளும் போடுவது இன்னொரு வழி. 38 மி.மீ. 28.5 ஆகிறது, வெளி ஓரத்தை அப்படியே வைத்தால் ஒன்பது மி.மீ.க்கு மேல் கிடைக்கும். 150 போட்டே தீருவேன் என்பவர்களுக்கு இதுதான் நேர்மையான வழி. செலவு அதிகம், மேலே சொன்ன பிரைமரி வேலை முழுதும் சேரும். பெல்ட் தேய்ந்து எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் அப்போது யோசியுங்கள்.

பெல்ட்டின் உள் ஓரத்தைக் கத்தியால் சீவுவது என்று ஒன்று இருக்கிறது. செய்யாதீர்கள். அதன் பலமெல்லாம் உள்ளே ஓடும் அரமிட் நூல்களில் இருக்கிறது. சீவினால் அந்த நூல் வெளியே வந்து பிரிய ஆரம்பிக்கும். ஹார்லி 1980-இல் ஸ்டர்ஜிஸ் மாடலில் பெல்ட்டைக் கொண்டுவந்தபோது இந்த நூல்தான் சங்கிலிக்குப் பதில் நின்றது. அதைப் போய் அறுப்பானேன்?

ஓர் இடத்தில் இடைவெளி இருக்கிறது, சக்கரத்தைச் சுற்றினால் காணாமல் போகிறது

இது டயர் அகலப் பிரச்சினை இல்லை. டிரில் பிட்டை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு முறை இறுகி ஒரு முறை தளர்ந்தால் மூன்றில் ஒன்று.

டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. டயரின் பக்கவாட்டில், ரிம்மின் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய வரி சுற்றி ஓடும், ரிம்முக்கும் அந்த வரிக்கும் உள்ள தூரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடியுங்கள். 40 பவுண்டுக்கு மேல் ஏற்றி வெடிக்க வைக்காதீர்கள், உட்காரவில்லையென்றால் மறுபடி இறக்கி மறுபடி தடவ வேண்டும். ஒல்லி ரிம்மில் தடித்த டயர் போட்டால் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடவே வரும்.

ரிம் கோட்டம். ஸ்விங் ஆர்மில் ஒரு கம்பியைக் கட்டி நுனியை ரிம்மை ஒட்டி வைத்துச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு மி.மீ.க்குள் இருக்க வேண்டும், சர்வீஸ் புத்தகம் சொல்வது அதைவிடக் குறைவு, 1/32 அங்குலம்.

பேரிங் ஆட்டம். சக்கரத்தை மேலே ஒரு கை கீழே ஒரு கை பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள், பின்பு முன்னும் பின்னும். 1999 வரை இந்தச் சக்கரங்களில் கூம்பு ரோலர் பேரிங், உள்ளே ஸ்பேசரும் ஷிம் என்னும் மெல்லிய தகடும் வைத்து ஆட்டத்தைச் சரிசெய்வது. கொஞ்சூண்டு ஆட்டம் இருக்க வேண்டியதுதான், அது எவ்வளவு என்பதை உங்கள் வருட சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து டயல் கேஜ் வைத்து அளங்கள். கைக்கு டக் டக்கென்று தெரிந்தால் அதிகம். சக்கரம் ஆடாமல் ஸ்விங் ஆர்மே சேர்ந்து ஆடினால் கோளாறு பிவட்டில். முப்பது வருட வண்டி, புஷ் அப்படியேவா இருக்கும்?

பெல்ட் கிரீச்சிடுகிறது, அல்லது புல்லியின் ஒரு விளிம்பிலேயே ஏறி ஓடுகிறது

இது பெரும்பாலும் நாமே செய்துகொண்டது. டயர் உரசுகிறதே என்று வலது அட்ஜஸ்டரை இரண்டு சுற்று கூடப் பின்னால் இழுத்திருப்போம். அப்படி இழுத்தால் சக்கரத்தின் முன்பகுதி வலப்பக்கம் திரும்பும், பெல்ட்டிடம் இடைவெளி கிடைக்கும், கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்படுவோம். புல்லியும் கூடவே திரும்பிவிட்டது என்பது இருநூறு மைல் கழித்து பெல்ட் கத்தும்போதுதான் தெரியும். டயருக்கு இடம் செய்ய ஆக்சிலைச் சாய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

நேர் பார்க்க ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை நம்பாதீர்கள். ஒரு வெல்டிங் ராடை எடுத்து ஒரு நுனியை எல் வடிவில் மடக்கிக் கூராக்குங்கள். அதில் ஒரு சின்ன ரப்பர் குரோமெட்டை (ரப்பர் வளையம்) இறுக்கமாக ஏற்றுங்கள். கூர் நுனியை ஸ்விங் ஆர்ம் பிவட்டின் நடுக்குழியில் வைத்து, மறுமுனையை ஆக்சில் மையத்துக்கு நேராகக் கொண்டுவந்து, குரோமெட்டை அங்கே நகர்த்தி நிறுத்துங்கள். ராடை அப்படியே மறுபக்கம் கொண்டுபோய் அதே மாதிரி பிடியுங்கள். குரோமெட் மையத்தில் விழுந்தால் நேர். விழவில்லையென்றால் எவ்வளவு விலகல் என்பது கண்ணுக்கே தெரியும், 1/32 அங்குலத்துக்குள் கொண்டுவாருங்கள். காசு கொடுத்து வாங்கும் லேசர் கருவியை விட எனக்கு இந்தக் கம்பிதான் பிடித்திருக்கிறது.

நேர் பார்த்த பிறகு இழுவை. கீழ் ஓட்டத்தின் நடுவே 10 பவுண்டு, நாலரைக் கிலோ சுமார், அழுத்தினால் எவ்வளவு மேலேறுகிறது என்று பாருங்கள், ஒரு சாதாரண ஸ்ப்ரிங் தராசு போதும். உங்கள் வருடத்தின் புத்தகத்தில் எவ்வளவு என்று இருக்கும், ஒரு சென்டிமீட்டருக்கு அக்கம்பக்கம்தான். பெல்ட் குளிர்ந்திருக்க வேண்டும். சக்கரத்தைக் கால் சுற்றாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்த்து, எங்கே மிக இறுக்கமோ அங்கே அளவை வையுங்கள். தளர்ந்த இடத்தில் வைத்துவிட்டு முடுக்கினால் இறுகும் இடத்தில் பேரிங் அழும். ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒரு முறை பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை மறந்து ரோட்டுக்கு வராதீர்கள்.

பெல்ட்டை வேலையின்போது கசக்கி மடக்கி வைப்பதும் தப்பு. கூர்மையாக மடித்தால் உள்ளே நூல் முறியும், வெளியே ஒன்றும் தெரியாது.

டபுள்ஸ் போனால் மட்டும், பள்ளத்தில் இறங்கினால் மட்டும் இடிக்கிறது

இது 140/90 போட்டவர்களின் புகார். ஆரத்தில் ஒன்பது மி.மீ. உயர்ந்துவிட்டது இல்லையா, அதை மட்கார்டு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சாஃப்டெயிலில் ஷாக் அப்சார்பர் கியர்பாக்ஸுக்கு அடியில் படுத்திருக்கும், சக்கரம் மேலேறும்போது அது சுருங்காது, நீளும். அதனால் மேலே உட்கார்ந்து குதித்துப் பார்ப்பதில் முழு அளவு தெரியாது. சட்டத்தை நன்றாகத் தாங்கி நிறுத்திவிட்டு, இரண்டு ஷாக்கையும் ஒரு முனையில் கழற்றி, சக்கரத்தை ஜாக்கியால் மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். எங்கே முதலில் படுகிறது என்று கண்ணெதிரே தெரியும். ஆனால் இந்தச் சோதனையில் எதுவும் தடுக்காமல் சக்கரம் மட்கார்டு வரை போய்விடும், ரோட்டில் ஷாக் ஒரு கட்டத்தில் நிறுத்தும். அதனால் கழற்றுவதற்கு முன் ஷாக்கின் முழு நீட்சியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடம் வரை தூக்கினால் போதும்.

முதலில் படுவது டயரின் நடு அல்ல, இரு பக்கமும் மட்கார்டைத் தாங்கும் போல்ட்டுகளின் உள்பக்கத் தலை. நீளமான போல்ட்டை யாராவது முன்பு போட்டிருந்தால் அது டயரை உழும். குட்டைத் தலை போல்ட்டாக மாற்றி, தலை உள்ளே, நட்டு வெளியே என்று போட்டாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். உயரம் குறைத்து இறக்கம் செய்த வண்டியென்றால் முதலில் அதை எடுத்துவிட்டுப் பேசுவோம். இறக்கிய சாஃப்டெயிலில் மட்கார்டுக்கும் டயருக்கும் ஏற்கெனவே இடமில்லை.

காற்றும் பாருங்கள். நான் தனியாகப் போனால் 36, டபுள்ஸ் போனால் 40. டயர் மாறினால் டயர் கம்பெனியின் அளவுதான் சட்டம். கூடவே டயரின் சுமைக் குறியீட்டையும் ஒப்பிடுங்கள், 73 என்றால் 365 கிலோ, 77 என்றால் 412. அகலமாக இருக்கிறதே என்று வாங்கியதில் பழையதை விடக் குறைந்த எண் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வண்டி ரோட்டு வரியைப் பிடித்துக்கொண்டு போகிறது, வளைவில் சாய மறுக்கிறது

கலிஃபோர்னியாவில் காங்கிரீட் ஃப்ரீவேயில் மழைத் தண்ணீருக்காக நீளவாக்கில் வரி போட்டிருப்பார்கள். எந்த வண்டியும் அதில் கொஞ்சம் நெளியும். புது டயருக்குப் பிறகு மட்டும் நெளிவு அதிகமென்றால், ஸ்விங் ஆர்ம் ஆட்டமும் ஆக்சில் நேரும் சரியென்றால், மிச்சம் ரிம்தான். 3 அங்குல ரிம்மில் 150-ஐ நெருக்கினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு டயரின் முதுகு கூம்பாகிவிடும். அகலமான டயர் போட்டும் ரோட்டில் படுவது நடுவில் ஒல்லியான ஒரு பட்டை, ஓரமெல்லாம் புதுசாகவே இருக்கும், நடு மட்டும் ஆறாயிரம் மைலில் மொட்டை. என் பழைய 150 அப்படித்தான் செத்தது. 150/80-16-ஐ எந்த அகல ரிம்மில் அனுமதிக்கிறார்கள் என்று வாங்கும் முன் டயர் கம்பெனியின் பட்டியலில் ஒரு நிமிடம் பாருங்கள்.

என் தீர்ப்பு கேட்டால், 3 அங்குல ரிம்முக்கு 140 வகைக்கு மேல் வேண்டாம், அதிலும் 140/85 கிடைத்தால் உயரத் தொல்லையும் குறைவு. 150 வேண்டுமென்றால் ரிம்மையும் மாற்றுங்கள், ஆனால் ரிம் மாறினால் டயர் இன்னும் விரியும், மறுபடி பெல்ட்டில் வந்து நிற்போம்.

மற்றவை

மைல்மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்றால், முன் சக்கரத்திலிருந்து கேபிள் வரும் வண்டியில் பின் டயரால் எதுவும் மாறாது, வேறு காரணம் தேடுங்கள். பின்னால் வந்த கியர்பாக்ஸ் சென்சார் வண்டியில் 140/90 போட்டால் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும், 100 என்று காட்டும்போது 103-இல் போகிறீர்கள். 150/80-இல் ஒரு சதவீதம்கூட இல்லை.

சக்கரம் மட்கார்டுக்குள்ளிருந்து வெளியே வர மாட்டேன் என்றால் காற்றை முழுதும் இறக்கிவிட்டு இழுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் வண்டியை இன்னும் உயரமாக ஏற்ற வேண்டும். ரோட்டோரம் பஞ்சரானால் இது ஆகாத காரியம் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்போக் சக்கரத்தில் ட்யூப் இருக்கிறது, கழற்றாமல் ஒட்ட முடியாது.

கடைசியாக, டயர் மாற்றிய ஒரு மாதத்தில் பின் விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தால் பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். விளக்குக்குப் போகும் ஒயர் மட்கார்டின் உள்பக்கம்தான் ஓடுகிறது, கிளிப் ஒன்று விட்டிருந்தால் தொங்கி டயரில் படும். நண்பர் ஒருவரின் வண்டியில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோது, உறை தேய்ந்து செம்பு பளபளவென்று தெரிந்தது, ஒவ்வொரு குழியிலும் அது மட்கார்டு தகட்டில் பட்டு சர்க்யூட் பிரேக்கரைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது. ஒயரை ஒட்டி, புது கிளிப் போட்டு, டயரிலிருந்து ஒரு விரல் தள்ளிக் கட்டினோம்.